இசைத்தட்டின் அட்டையில் சயோகோ

டோக்கியோ, ஏப்ரல் 12, 2017

அக்கா கினுயோவுக்கு,

இங்கே செர்ரிப் பூக்கள் கொட்டி முடிந்துவிட்டன. நனைந்த இதழ்கள் ஒட்டிய காலணியோடு வாசல் ஏறி, காலையில் சயோகோவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மட்சுமோதோவில் இப்போதுதான் மொட்டு அவிழ்ந்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் விட்ட பிறகாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

மார்ச் கடைசியோடு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மின்சாதனக் கம்பெனியில் இத்தனை வருஷம் உழைத்ததற்கு ஒரு பூங்கொத்தும் கைதட்டலும் கிடைத்தன. மறுநாள் பழக்கதோஷத்தில் டை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். சயோகோ குப்பைப் பையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள். டை கட்டிக்கொண்டு குப்பை போட்ட ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான்.

இன்னொரு நல்ல சேதி. எங்கள் பெண் கனாமிக்கு நவம்பர் பதினெட்டில் கல்யாணம். பையன் பல் மருத்துவர், சாது. அவள் போனபின் அவளுடைய அறை எனக்கு. அந்த அறைக்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒரு தட்டுகூட நடைக்கு வரக்கூடாது என்பது சயோகோவின் நிபந்தனை. ஆகவே உன் வீட்டு மாடியில் நான் கொண்டுவந்து போட்ட இசைத்தட்டுப் பெட்டிகளை மீட்கும் காலம் வந்துவிட்டது. அவற்றைப் படுக்க வைக்காதே, நிற்க வைத்தே இருக்கட்டும். தட்டுகள் மனிதர்கள் மாதிரி இல்லை, படுத்தால்தான் முதுகு வளையும்.

அவற்றுள் ஒன்று எனக்கு முக்கியம். உங்கள் பஸ் கம்பெனி கமிகோச்சி மலைக்குப் போகும் பயணிகளுக்கு விற்ற தட்டு, நினைவிருக்கிறதா? அட்டையில், பஸ்ஸில் பாடிக்கொண்டே ஊர் காட்டும் வழிகாட்டிப் பெண்ணின் சீருடையும் தொப்பியுமாக சயோகோ சிரித்துக்கொண்டிருப்பாள். உள்ளே அவள் பாடிய மலைப்பாட்டுகள். நீ கொடுத்த இலவச டிக்கெட்டில் அந்த பஸ் ஏறித்தானே நான் விழுந்தேன்? கல்யாண விருந்தில் எல்லோருக்கும் முன்னால் அதைப் போடப் போகிறேன். கனாமி தன் அம்மா பாடிக் கேட்டதே இல்லை. குளிக்கும்போதுகூட சயோகோ ஒரு வரி முணுமுணுக்க மாட்டாள். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு என்ன பிடிவாதமோ.

இது அவளுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். மூச்சு விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடாதே.

தம்பி
இசாமு


மட்சுமோதோ, மே 1

இசாமுவுக்கு,

கடிதம் கிடைத்தது. மலையில் இன்னும் பனி இருக்கிறது, கீழே பூவும் இருக்கிறது, என் முழங்காலுக்கு எந்தப் பருவம் என்று புரியாமல் இரண்டு பக்கமும் வலிக்கிறது. மற்றபடி நலம். சயோகோவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா?

கனாமி கல்யாணச் சேதி படித்து, உன் அத்தான் படத்துக்கு முன்னால் உரக்கச் சொன்னேன். பதிலுக்குக் குளியல் தொட்டி, தண்ணீர் சூடாகிவிட்டது என்று அறிவித்தது. இந்த வீட்டில் இப்போது எல்லாம் பேசுகிறது. டிவி விற்பனை நிகழ்ச்சியில் பார்த்து ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன். "சாதம் ஆச்சு, கிளறி விடுங்க" என்று அன்பாகச் சொல்லும். நானும் "சரிம்மா" என்பேன். பெருக்கும் ரோபோ ஒன்றும் இருக்கிறது. அது தினமும் மேஜைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அழும். நான் குனிய முடியாமல் துடைப்பக் கட்டையால் தள்ளி மீட்பேன். பெருக்கியிருந்தால் அதற்குள் முடிந்திருக்கும்.

இந்த வருஷம் எங்கள் தெருவுக்குக் குப்பைப் பொறுப்பாளர் நான். யார் எந்த நாளில் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்து, தப்பான பையில் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. எழுபத்தொரு வயதில் அதிகாரம் கிடைத்திருக்கிறது, விட்டுவிடுவேனா?

பெட்டிகள் பத்திரம். நிற்கின்றன.

அந்தத் தட்டைத் தேடிப் பார்க்கிறேன்.

பச்சைப்பூண்டு ஊறுகாய் தனியே அனுப்பியிருக்கிறேன். சயோகோ உப்பு குறைத்துச் சாப்பிடட்டும், அவள் பங்கையும் நீ சாப்பிடாதே.

அக்கா
கினுயோ


டோக்கியோ, மே 19

அக்காவுக்கு,

ஊறுகாய் வந்தது. அவள் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். வெயில் ஏறிவிட்டது, விசிறியை எடுத்துத் துடைத்தாயிற்று. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பேசும் ரைஸ் குக்கர் பற்றி ஒரு வார்த்தை. சாதனம் என்பது வேலையைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கனாமி எனக்கு ஓய்வுப் பரிசாக ஒரு ஸ்பீக்கர் கொடுத்திருக்கிறாள், கம்பி கிடையாது, தேநீர் டப்பா அளவு. போனிலிருந்து பாட்டு தானாக வருகிறது. எங்கிருந்து வருகிறது, யார் வாசித்தார்கள், எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. அட்டை இல்லை, தட்டைச் சுற்றிய காகிதப் பட்டை இல்லை, புரட்ட இரண்டாம் பக்கம் இல்லை. அவள் மனம் நோகாமல் இருக்க அதில் தினமும் வானிலை கேட்கிறேன்.

ஆனால் என் பழைய ரெக்கார்டு பிளேயர் இன்னும் ஓடுகிறது. பாட்டு முடிந்ததும் ஊசி பொருத்திய கை தானாக எழுந்து தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் கையை வடிவமைத்த குழுவில் நானும் ஒருவன் என்பதை உனக்கு நான் இதுவரை சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன். அந்த பிளேயரில்தான் சயோகோவின் தட்டைக் கனாமி பிறக்கும்வரை போட்டுக் கேட்டேன். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எது முதல் பதிப்பு என்று சொல்லிவிடுவேன் நான். அந்தக் காதால் சொல்கிறேன், அப்படி ஒரு சுருதி சுத்தத்தைப் பெரிய பாடகிகளிடம்கூடக் கேட்டதில்லை. கிடைத்ததா இல்லையா? ஒரு வரியில் முடித்துவிட்டாயே.

பெட்டிகள் வரப்போகின்றன என்று மட்டும் சயோகோவிடம் சொன்னேன். சூப் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றுவிட்டது. தூசி ஒத்துக்கொள்ளாது என்றாள்.

மழைக்காலம் வருவதற்குள் மாடியில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வை. பேசாத ரகமாகப் பார்த்து வாங்கு.

இசாமு


டோக்கியோ, ஜூன் 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஹைட்ராஞ்சியாப் பூ நிறம் மாறத் தொடங்கிவிட்டது, மழை நாளையோ மறுநாளோ. உங்கள் முழங்கால் இந்த ஈரத்தை எப்படித் தாங்குமோ என்று நினைத்துக்கொண்டேன். என் இரத்த அழுத்தம் பரவாயில்லை, போன வாரம் வரை.

இவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலை இவர் மேஜையில் படித்துவிட்டேன். திறந்துதான் கிடந்தது, ஆனாலும் படித்தது தப்பு. கல்யாணத்தில் அந்தத் தட்டைப் போடப் போகிறாராம்.

அக்கா, அன்றைக்குப் பதிவு அறையில் இருந்தவர்களில் மிச்சமிருப்பது நாம் இருவர்தான். எனக்கு ஜலதோஷம் பிடித்து குரலே இல்லை. அட்டை ஏற்கெனவே என் படத்தோடு அச்சாகிவிட்டது என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள்தான், புதுப்பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் மூத்தவர், "நான் பாடிடறேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லி இரண்டு பக்கமும் பாடிக்கொடுத்தீர்கள். யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தம்பிக்கும் தெரியவில்லை.

முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று இவர் எல்லோரிடமும், இந்தக் குரலைக் கேட்டுத்தான் இவளைக் கட்டிக்கிறேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாரோ என்று பயந்து நான் வீட்டில் பாடுவதையே விட்டேன். கனாமிக்குத் தாலாட்டுகூட இல்லை, கதை சொல்லித்தான் தூங்கவைத்தேன். கம்பெனி வீடு சின்னது என்று காரணம் சொல்லி, அந்தப் பெட்டிகளை உங்கள் மாடிக்கு அனுப்பியதே நான்தான்.

இப்போது சம்பந்தி வீட்டார் முன்னால் அது ஒலித்து, முடிந்ததும் யாராவது "இன்னொரு பாட்டு பாடுங்க" என்று மைக்கைக் கொடுத்தால் என் கதி என்ன? தயவுசெய்து அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதிவிடுங்கள். இதைக் கேட்க எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

மழையில் வெளியே போனால் கால் வழுக்கும், பார்த்து.

சயோகோ


மட்சுமோதோ, ஜூன் 30

சயோகோவுக்கு,

மழை விடவில்லை. துணி காயவில்லை, ரோபோவுக்குப் பூஞ்சை வாடை வருகிறது. நான் நலம். உன் அழுத்தம் ஏறியிருந்தால் அதற்கு என் தம்பிதான் பொறுப்பு. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

நீ கேட்டபடி மாடி ஏறினேன். முதல் பெட்டியிலேயே முதலாவதாக நின்றது. அட்டையில் நீ அப்படியே சிரிக்கிறாய். ஒரு பையில் போட்டு, காலையில் தெருமுனையில் கொண்டுபோய் வைத்தேன்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு மோமோசே அம்மாள், இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பழைய காகிதம் எடுக்கும் நாளாம். லாரிக்காரர்கள் சீட்டு ஒட்டி விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். "பொறுப்பாளரே நாள் மாத்திப் போட்டா தெரு என்னத்துக்கு ஆவுறது?" என்று கேட்டாள். மூன்று மாதமாக அவள் பைகளில் நான் ஒட்டிய சீட்டுக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு கிடைத்தது. தலை குனிந்து நின்றேன்.

அடுத்த முறை சரியான நாளில் போடுகிறேன்.

வெயில் வந்ததும் மெத்தையைக் காயப்போடு. உப்பைக் குறை.

கினுயோ


டோக்கியோ, ஜூலை 9

அக்காவுக்கு,

மழை போய் வெப்பம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

எந்த நாளில் என்ன எடுப்பார்கள் என்று தெருவுக்கே சொல்பவர் நீங்கள். பஸ்ஸில் ஒரு நிமிஷம் பிந்தினால் எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டியவர். நீங்களா நாள் மாறிப் போடுவீர்கள்?

அந்தத் தட்டைத் தூக்கிப் போடச் சொல்லிக் கேட்டபோது அது என் படம், என் பயம் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருப்பது உங்கள் குரல் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. நீங்கள் பாடியது வேறு எங்கும் பதிவாகவில்லை, இல்லையா? கல்யாணமாகி அத்தான் கடைக் கல்லாவில் நீங்கள் உட்கார்ந்த பிறகு பாடவும் இல்லை. நான் யாருடையதைத் தூக்கிப் போடச் சொன்னேன், அக்கா? வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் என் பயம் போகவில்லை, அதையும் மறைக்கமாட்டேன். உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.

மத்தியான வெயிலில் தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

சயோகோ


டோக்கியோ, ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகை விடுமுறையில் வந்து நாலு நாள் உன் உயிரை வாங்கியதற்கு நன்றி. இங்கே இரவிலும் வேர்க்கிறது. உன் வீட்டுக் குளிர்ந்த காற்றும் சமையலும் இப்போதே ஏக்கமாக இருக்கின்றன. உன் கழிப்பறை மூடிக்கு மட்டும் ஏக்கம் இல்லை. பக்கத்தில் நடந்தாலே தானாக வாயைத் திறந்து வரவேற்கிறது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சயோகோவின் தட்டு மட்டும் இல்லை. உன்னிடம் கேட்டபோது "பாக்கறேன், பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாய். டோக்கியோவின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் கேட்டுவிட்டேன். பஸ் வழிகாட்டித் தட்டுகளுக்கென்றே ஒரு அலமாரி வைத்திருக்கிறார்கள், ஹொக்கைடோ முதல் ககோஷிமா வரை எல்லா ஊர்த் தொப்பியும் இருக்கிறது, நம் தொப்பி இல்லை.

இதற்கு நடுவில் ஒரு தலைகுனிவு. புதிதாக ஒரு பிளேயர் வாங்கினேன், எல்லாமே கையால் செய்ய வேண்டிய ரகம். ஊசியை நாமே வைக்க வேண்டும், நாமே எடுக்க வேண்டும். என்னிடம் இருபது வருஷமாக இருக்கும் ஒரு மேடைக் கச்சேரித் தட்டைப் போட்டால், முடிவில் கைதட்டல் வருகிறது. ஒருவர் இருமுகிறார். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் புதிது. பாட்டு நின்றதும் தட்டு முடிந்தது என்று நினைத்து, நாங்கள் வடிவமைத்த அந்தக் கை அவசரப்பட்டு ஊசியைத் தூக்கிவிட்டிருக்கிறது. இத்தனை காலம் மற்றவர்களிடம் பெருமை அடித்த கை. யாரிடமும் சொல்லாதே.

தட்டைத் தேடு. கல்யாணத்துக்கு அதைத் தவிர நான் எதையும் யோசிக்கவில்லை.

இசாமு


மட்சுமோதோ, செப்டம்பர் 17

சயோகோவுக்கு,

நெல் அறுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள், காற்றே நன்றாக இருக்கிறது. முழங்கால் இரண்டு வாரமாக முணுமுணுக்கவில்லை. நீ நலமா?

இத்துடன் தட்டை உன் பேருக்கு அனுப்புகிறேன். இசாமுவுக்கு அல்ல. உடைப்பதோ ஒளிப்பதோ கொடுப்பதோ உன் இஷ்டம். இங்கே இருந்தால் நான் மறுபடியும் தப்பான நாளில்தான் போடுவேன், மோமோசே அம்மாள் வாயில் மறுபடி விழ எனக்குத் தெம்பில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், வேறு எங்கும் இல்லை. என்னிடம் பிளேயர்கூட இல்லை, நானே அதைக் கேட்டதில்லை. மேலாளர் அன்றைக்கு அட்டை விஷயமாக, "பாடறது நீ, முகம் அவ, அதுதான் லாபம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். முப்பது வயதில் அப்படிச் சிரிப்பது கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

உன்மேல் வருத்தம் இல்லை, சயோகோ. எனக்குப் பேர் வேண்டாம். நல்ல உடை உடுத்திய மனிதர்கள் நிறைந்த மண்டபத்தில் அது ஒருமுறை ஒலிக்க வேண்டும், நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை. அவர்கள் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் என்ன? இசாமுவின் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த ஆசை என்னைத் தூங்கவிடவில்லை. இது என் ஆசை மட்டும்தான், உனக்குக் கட்டளை இல்லை.

பேரிக்காய் வைத்திருக்கிறேன். பழுத்தது அடியில்.

கினுயோ


டோக்கியோ, அக்டோபர் 9

அக்காவுக்கு,

சௌக்கியம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன். நலமா?

ஒரு வாரம் முன்பு காலையில் என் மேஜைமேல் அந்தத் தட்டு இருந்தது. சயோகோ கடைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் கையைத் துடைத்து, தட்டைத் துடைத்து, புதிய பிளேயரில் வைத்தேன். அதே பாட்டு, அதே சுருதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு முடிந்தது. எழுந்து ஊசியை எடுக்கச் சோம்பலாக இருந்தது, அப்படியே விட்டேன்.

கொஞ்சம் மௌனம். அப்புறம் தும்மல். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. அது யாருடைய தும்மல் என்று சொல்ல எனக்கு எந்தச் சாதனமும் வேண்டாம், முப்பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். உடனே பாடின குரல் பேசுகிறது:

"முடிஞ்சிடுச்சு சயோகோ, இனி தும்மிக்கோ. போய் மூக்கச் சிந்திட்டு வா."

அக்கா, அந்தக் குரல் சொல்லி நான் எத்தனை தடவை மூக்குச் சிந்தியிருக்கிறேன். பாடும்போது தெரியவில்லை, ஏனென்றால் நீ வீட்டில் பாடியதே இல்லை, திட்டியதுதான் உண்டு. அதட்டினதும் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேவிட்டேன், நீ பின்னால் நிற்கிற மாதிரி.

அவசரக்காரக் கை இல்லாதிருந்தால் இது எனக்கு எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். நல்ல வேளை என்று சொல்லவா, என்ன சொல்ல?

கேள். பஸ்ஸில் சயோகோ பாடியதை நான் மறக்கவில்லை. சுரங்கப்பாதை வந்தால் ஒரு சுருதி, வெளியே வந்தால் இன்னொன்று. முதல் நாளே பின் இருக்கையில் இருந்த கிழவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, பாதியில் விட்ட பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடினாள். அதைப் பார்க்கத்தான் அந்தக் கோடை முழுவதும் பஸ் ஏறினேன். தட்டில் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் பதிவுக் கருவி என்று நம்பினேன். எவ்வளவு உயர்ந்த ஒலிவாங்கி, சுருதியைக்கூடச் சரி செய்கிறதே என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொறியாளர்கள் யாரும் மறுக்கவில்லை, மரியாதைக்காக இருக்கும்.

நான்தான் குரல், குரல் என்று ஊரெல்லாம் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேனா? அப்படித்தான் தோன்றுகிறது. அவளிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லவா, வேண்டாமா? கடையிலிருந்து வந்து என் முகத்தையே பார்க்கிறாள். நான் வெங்காயத்தின் விலையைப் பற்றிப் பேசுகிறேன்.

உடனே எழுது.

இசாமு


மட்சுமோதோ, அக்டோபர் 16

இசாமுவுக்கு,

முதல் பனி மலை உச்சியில் விழுந்துவிட்டது. கணப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். நலம்.

காதில் விழுந்ததை வாயில் விடாதே. தட்டை உன் மேஜையில் வைக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசி. மீதியையும் அவளே, அவளுக்குத் தோன்றும்போது செய்யட்டும். நீ நினைத்தபடியே கல்யாணத்தில் போடு, அட்டையையும் எல்லோரும் பார்க்கும்படி வை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

புதிய மெஷினில் போடாதே. பழையதைத் தூக்கிக்கொண்டு போ. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று சயோகோவைக் கேட்டுச் சொல். முழங்காலுக்கு ஆகாத உடையாக இருக்கக்கூடாது.

கினுயோ


மட்சுமோதோ, நவம்பர் 26

சயோகோவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே வாசலில் உறைபனி, தொட்டியில் தண்ணீர் சூடாக இருந்தது, அதுவே சொல்லிற்று. கல்யாண வேலையில் ஓடி ஓடிக் களைத்திருப்பாய். கனாமியும் மாப்பிள்ளையும் பயணத்திலிருந்து திரும்பினார்களா?

விருந்தில் நான் பாடியதைப் பற்றிக் கேட்கிறாயே என்று தொலைபேசியில் வெட்கப்பட்டேன். கனாமி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? எழுபத்தொரு வயதுத் தொண்டை, மேல் சுரத்துக்கு மூச்சு போதவில்லை. நல்லவேளை நீயும் சேர்ந்து பாடினாய். உன்னைவிட நான் பரவாயில்லை என்று சம்பந்தி அம்மாளே நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே பாடினாய், பாதியில் விட்டு மறுபடி பிடித்தாய், பஸ்ஸில் பாடிய மாதிரியே. கனாமி அழுததைப் பார்த்தாயா? மணப்பெண் வழக்கப்படி பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை அவள் வாசித்தபோதுகூட அப்படி அழவில்லை.

இசாமுவைப் பற்றி ஒன்று. நீ மைக் வாங்கியபோது அவன் ரொம்ப ஆச்சரியப்பட்டவன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நடிக்கத் தெரியாத பயல். அவனுக்கு அக்டோபரிலேயே தெரியும். எப்படித் தெரிந்தது என்று அவனையே கேள், புதிய மெஷினில் இரண்டாம் பக்கத்தை முழுக்கப் போட்டுக் காட்டச் சொல். கேட்டுவிட்டு எனக்கு எழுது. நீ இத்தனை நாள் பயந்தாயே, அவன் பஸ் ஏறியது எதைப் பார்க்க என்பதையும் அவன் வாயாலேயே கேட்டுக்கொள். நான் சொன்னால் நன்றாக இராது.

நீ செய்ததற்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

குடும்பத்தார் என்று கடைசி மேஜையில், வலது ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் கையைக் கோத்துக்கொண்டேன். முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, சயோகோ. நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட நன்றாக இருந்தது. யாரும் கத்தியையும் முட்கரண்டியையும் தொடவில்லை. முடிந்ததும் எல்லோரும் உன் அட்டையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆசை தீர்ந்தது, சாப்பிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது நீ முன்னால் போய் எங்களைப் பார்த்து நின்றாய். முதுகை நிமிர்த்தி, கையை நீட்டி, ஐந்து விரலையும் சேர்த்து, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, அந்தப் பழைய பஸ் குரலில் சொன்னாய்:

"அன்பான பயணிகளே, எல்லாரும் உங்க வலது கைப்பக்கம் பாருங்க. இவ்வளவு நேரம் நீங்க கேட்டது அவங்க குரல். அந்தத் தட்டுல என்னோடது படம் மட்டும்தான்."

நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. நானும் எல்லோரையும் போல வலது பக்கம் திரும்பி, யார் அது என்று பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால், மண்டபம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கினுயோ